தவணைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாதா?

பெறுநர்: ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலாண்டுக்கு ஒருமுறை கூடும் வங்கியாளர் ஆலோசனைக் குழுவினர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பாம்பனில் வலைக்கடை வைத்திருக்கிறேன். வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு, தூண்டில் முள், படகுக்கு அடிக்கிற பெயின்ட் என்று கடலுக்குப் போகிறவருக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும் கடை. அப்பா ஆரம்பித்தது. வருகிற மார்ச் 31 அன்று மூடுகிறேன்.

தேதியைச் சொன்னதும், நிதியாண்டோடு கணக்கை முடிக்கிறேன் போல என்று என் ஆடிட்டரே நினைத்துக்கொண்டார். அது காரணம் இல்லை. மார்ச்சை விட்டால் ஏப்ரல் 15 வந்துவிடும். ஏப்ரல் 15 வந்துவிட்டால் என்னால் கடையை மூட முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். மூடப்போகிற என் கடைக்காக உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை என்று இந்தக் கரையில் இன்னும் திறந்திருக்கிற கடைகளுக்காகக் கேட்கிறேன்.

உங்களில் பலர் மாறுதலில் வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மீன்பிடித் தடைக்காலம் என்றால் துறைமுகம் தூங்கிவிடும், கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. டீக்கடை, ஐஸ் கம்பெனி, டீசல் பங்க் எல்லாம் அப்படித்தான் ஆகும். வலைக்கடையில் நடப்பது நேர் எதிர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலில் இறங்கக் கூடாது. அந்த 61 நாளில்தான் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, புது மடி, அதாவது இழுவலை, கட்டுவது, நைந்த கயிறைக் கழற்றிப் போட்டுப் புதுக் கயிறு கோப்பது எல்லாம் அப்போதுதான். என் கடையில் ஒரு வருட வியாபாரத்தில் பாதி அந்த இரண்டு மாதத்தில் நடந்துவிடும். ரொக்கம்தான் வராது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் நண்டு வலை, முள், நைலான் என்று சில்லறை வரவு கொஞ்சம் இருக்கும். மற்றதெல்லாம் நோட்டில்தான் ஏறும்.

அந்த நோட்டை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் ஆள் பெயரில் பக்கம் கிடையாது, படகின் பெயரில்தான் பக்கம். பெயருக்குக் கீழே, படகின் முகப்பில் ஐஎன்டி-டிஎன்-10 என்று ஆரம்பிக்கிற பதிவு எண்ணின் கடைசி இலக்கங்கள். அதற்குக் கீழே தேதி, சாமான், எடை, தொகை. ஏப்ரல், மே பக்கங்களில் இடது பக்கம் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கும். வலது பக்கம், வரவு எழுதுகிற பக்கம், வெள்ளையாகக் கிடக்கும். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. முதல் சில நடையில் வருகிற காசு டீசலுக்கும் ஐஸுக்கும் ஆட்களின் பங்குக்கும் போய்விடும். அது நியாயம்தான். அப்புறம் ஒரு நாள் சாயந்திரம் படகுக்காரர் வந்து மேஜையில் ஒரு தொகையை வைத்துவிட்டு, ‘மிச்சத்தை ஆடிக்குள்ள பாத்துக்கலாம் முதலாளி’ என்பார். ஆவணிக்குள் தீர்த்துவிடுவார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

ஆக, தடைக்காலத்தில் இந்தத் துறைமுகத்துக்குக் கடன் கொடுக்கிற வங்கி நாங்கள்தான். கிண்டலாகச் சொல்லவில்லை. அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அதை 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அது வீட்டில் அடுப்பு எரிய. படகு மறுபடி கடலில் இறங்க வேண்டிய செலவு லட்சத்தில் இருக்கிறது. அந்த லட்சங்கள் எங்கிருந்து வருகின்றன என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

இப்போது என் பக்கத்துக் கணக்கு. நான் கேட்டது சரக்கை ஈடாகக் காட்டி, வேண்டும்போது எடுத்து, காசு வரும்போது கட்டுகிற சிசி (கேஷ் கிரெடிட்) கடன். தந்தது முத்ரா திட்டத்தில் மாதத் தவணை கட்டுகிற டேர்ம் லோன், 8 லட்சம், ஐந்து வருடம். மாதம் 17,400 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக் குறைய. தவணைத் தேதி ஒவ்வொரு மாதமும் 15. அந்தத் தேதியை நான் கேட்டு வாங்கவில்லை, கடன் கைக்கு வந்த நாளை வைத்து அமைந்தது. ரிசர்வ் வங்கியின் விதி உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 தவணையைக் கட்டவில்லை என்றால் அன்று இரவே கணக்கு எஸ்எம்ஏ-0, அதாவது தவணை தவறிய கணக்குக்கு வங்கி போடுகிற முதல் குறி. மே 15 அன்று எஸ்எம்ஏ-1. ஜூன் 14 அன்று எஸ்எம்ஏ-2. ஜூலை 14 அன்று வாராக்கடன். தடை தொடங்குகிற நாளில் முதல் குறி, முடிகிற நாளில் மூன்றாம் குறி, படகுக்காரர் முதல் தொகையைக் கொண்டுவந்து வைக்கிற சமயத்தில் நான் வாராக்கடன்காரன். யாரோ மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த விதியை எழுதியதுபோல நாள் பொருந்துகிறது. நிச்சயமாக அப்படி யாரும் எழுதவில்லை. கடல் என்று ஒன்று இருப்பதே அந்த விதியின் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

கைக்காசைப் போட்டு, நகையை வைத்துத் தவணையைக் கட்டினால் குறி விழாது. பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஏப்ரல் பிறந்தால் வீட்டு நகை அடகுக்கடைக்கும், ஆவணி பிறந்தால் அடகுக்கடை நகை வீட்டுக்கும் வரும். என் மனைவிக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, சித்திரையில் வருகிற கல்யாணங்களுக்குத்தான் வெறுங்கழுத்தோடு போக வேண்டியிருந்தது.

ஒரு ஜூலையில் கிளைக்குப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். திருநெல்வேலிக்காரர் என்பதால் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

‘பாருங்க அண்ணாச்சி, ஏப்ரல், மே, ஜூன், மூணு மாசமும் கணக்குல வரவே இல்ல. கணக்கு சரியா ஓடலன்னு சிஸ்டமே சொல்லுது.’

‘அந்த மூணு மாசம்தான் சார் எனக்கு சீசன்.’

‘சீசன்னா பணம் வரணும்லா?’

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த வங்கிக் கணக்குகளில் எல்லாம் சீசன் என்றால் பணம் வந்திருக்கும். புரிய வைக்க எனக்கு நோட்டுதான் இருந்தது. நோட்டை வங்கி சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. அடுத்த வருடம் சிசி கேட்டபோது, முந்தின கணக்கின் நடத்தை திருப்தி இல்லை என்று பதில் வந்தது.

முதுகுளத்தூர் பக்கம் முண்டு மிளகாய் போடுகிற விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பயிர்க்கடன் வாங்கினால், திருப்பிக் கட்ட வேண்டிய நாளை அறுவடையை வைத்துக் குறிக்கிறீர்கள். குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம் பாக்கி நின்ற பிறகுதான் அது வாராக்கடன். எந்தப் பயிருக்கு எது பருவம் என்று முடிவு செய்கிற பொறுப்பை மாநில அளவிலான வங்கியாளர் குழுவிடமே ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கிறது. அதாவது, பருவம் என்ற ஒன்றை வங்கிகள் ஏற்றுக்கொள்கின்றன. அதைக் குறிக்க ஆட்களும் கூட்டமும் இருக்கின்றன. வானம் பார்த்த பூமிக்கு இந்த ஏற்பாடு இருப்பது சரி. அந்தப் பருவமாவது மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். எங்கள் பருவத்துக்கு அரசாணையே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசாங்கமே தேதி போட்டு, இத்தனாம் தேதியிலிருந்து இத்தனாம் தேதி வரை இந்தக் கரையில் வருமானம் இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. இதைவிடத் தெளிவான பருவக் கணக்கு எந்தப் பயிருக்கும் கிடையாது. ஆனால் படகுக்காரர் மீன்பிடித் தொழிலில் வருகிறார், அவருக்குக் கயிறு விற்கிற நான் சில்லறை வணிகத்தில் வருகிறேன். பட்டியலில் எனக்குப் பக்கத்தில் இருப்பது பரமக்குடி பஜாரில் உள்ள செல்போன் கடை.

அப்பா எப்படிச் சமாளித்தார் என்று கேட்பீர்கள். தடைக்காலம் 2001இல் வந்தபோது 45 நாள்தான். 2017 முதல் 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. கடலில் மீன் இல்லாமல் கடையில் வலை வைத்து என்ன செய்ய? ஆனால் 16 நாள் கூடியபோது படகுக்காரருக்கு நிவாரணத்தைக் கூட்டத் தோன்றிய அரசாங்கத்துக்கு, தவணையைப் பற்றி வங்கிகளிடம் பேசத் தோன்றவில்லை.

தடைக்காலம் இல்லாத மாதங்களும் இப்போது முன்போல் இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. தடைக்காலம் போக வருடத்தில் மிஞ்சுவது 43 வாரம். வாரம் மூன்று என்றால் ஏறக்குறைய 130 நாள். அதில் காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கிடையாது. இலங்கைக் கடற்படை ஆட்களைப் பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம், அப்போதும் கிடையாது. வேலைநிறுத்தத்தை நான் தப்புச் சொல்லவில்லை. ஊர்ப் பையன்களைச் சிறையில் வைத்தால் வேறு என்னதான் செய்வார்கள்? ஆனால் பிடிபட்ட படகு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அந்தப் படகோடு போனது என் கடையில் கடனுக்கு எடுத்த மடியும் கயிறும். படகை இழந்தவருக்கு அரசு நிவாரணம் தருகிறது, தரத்தான் வேண்டும். அவரிடம் போய் என் பாக்கியைக் கேட்க எனக்கு வாய் வராது. என் நோட்டில் அப்படி வரவுப் பக்கம் வெள்ளையாகவே நின்றுபோன படகுகள் உண்டு.

2024 நவம்பர் 20 அன்று பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ராமேஸ்வரத்தில் 41 செ.மீ., பாம்பனில் 28 செ.மீ. கடைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வலைக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, கயிறும் காய்ந்துவிடும். கீழ்த் தட்டில் இருந்த தூண்டில் முள் பெட்டிகள் மொத்தமும் இரண்டு நாளில் துரு ஏறிப்போயின. துருப்பிடித்த முள்ளை ஒரு ரூபாய்க்கும் வாங்க மாட்டார்கள். மீன் இழுக்கும்போது முறிந்துவிடும் என்று பயம்.

அடுத்தது போன வருடம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. ராமேஸ்வரம் இறாலும் மண்டபத்து நண்டுச் சதையும் எங்கே போகின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் ‘அமெரிக்கா வரி’ என்ற இரண்டு சொல்லில் கரை விலையைக் குறைத்தார்கள். தடை முடிந்து படகுகள் நன்றாக ஓட வேண்டிய மாதம் அது, எனக்குப் பாக்கி வர வேண்டிய ஆவணி மாதம். ஆவணியில் வர வேண்டியது புரட்டாசிக்குப் போனது, புரட்டாசியில் வந்தது பாதிதான்.

நான் மட்டும் கடன் கொடுக்கிறவன் இல்லை. எனக்கும் ஒருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்து வலைக் கம்பெனிகள் முன்பெல்லாம் சரக்கை லாரி செட்டில் போட்டுவிட்டு மூன்று மாதம், சில சமயம் நான்கு மாதம் பொறுப்பார்கள். அந்தப் பொறுமையைத்தான் நான் அப்படியே படகுக்காரருக்குக் கைமாற்றிக் கொடுத்தேன். இப்போது அது போய்விட்டது. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளில் பணம் தராவிட்டால் வாங்கியவர் அதை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 2023-24 முதல் ஒரு விதி வந்தது. சிறு தொழிலைக் காப்பாற்ற வந்த நல்ல விதி. அது என்னைப் பிடிக்கிறதோ இல்லையோ, அதைச் சொல்லி எல்லாக் கம்பெனியும் 45 நாள் என்று கறாராக ஆகிவிட்டது. சரி, எனக்கு அதுபோல் 45 நாளில் பணம் கேட்கும் உரிமை உண்டா? கிடையாது. சில்லறை, மொத்த வணிகர்களை 2021 ஜூலையில் சிறு தொழில் பட்டியலில் சேர்த்தார்கள், உத்யம் பதிவும் கொடுத்தார்கள். ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் அது செல்லும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு வணிகருக்கு இல்லை. இருந்தாலும்தான் என்ன, படகுக்காரர் மேல் நான் வழக்கா போடப்போகிறேன்?

ஜிஎஸ்டியையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் பில் போட்ட வலைக்கு ஜூன் 20க்குள் வரி கட்டியாக வேண்டும். காசு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை, பில் போட்டாயா என்றுதான் கேள்வி. வலைக்கு 5 சதவீதம்தான். ஆனாலும் ஆவணியில் வரப்போகிற பணத்துக்கு ஆனியிலேயே கைக்காசு போட வேண்டும். கடையை மூடுகிறபோதும் அது விடாது. பதிவை ரத்து செய்தால், கையிருப்பில் நிற்கிற சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்துப் பிறகு கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். பிரிக்காத வலைக் கட்டுகளைக் கம்பெனி விலை குறைத்து எடுத்துக்கொள்கிறது. வெட்டிய கயிறை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு கயிற்றுச் சுருளில் ஒரே ஒருவருக்கு ஐந்து கிலோ நறுக்கிக் கொடுத்திருந்தாலும் அது வெட்டிய கயிறுதான். அப்படி நிற்கிற பத்து ரூபாய்ச் சரக்கு இன்று ஐந்து ரூபாய்தான் பெறும் என்றாலும், வாங்கியபோது எடுத்த வரிக்குக் குறையாமல் கட்ட வேண்டும்.

கடை திறந்திருந்தால் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஏப்ரல் 16 காலையில் முதல் படகுக்காரர் வந்து மடிக்கு வலை கேட்டால், ‘பணம் வெச்சா தர்றேன்’ என்று என் வாயில் வராது. அவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் இருக்கிற சரக்கு எல்லாம் நோட்டுக்குப் போய்விடும். பிறகு ஆவணி வரை கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும், அதற்குள் இன்னொரு ஜூலை 14 வரும். மார்ச் 31 என்று நான் தேதி குறித்தது அதற்காகத்தான்.

நான் மூடுவதால் பெரிய படகுக்காரர்கள் தவித்துப்போக மாட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அந்த வழியைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். இறால், நண்டு எடுக்கிற கம்பெனிகளின் ஏஜென்ட்டுகள் முன்பணம் தருவார்கள், வலையும் வாங்கித் தருவார்கள். பிடித்ததை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை, அதிலேயே பாக்கியையும் பிடித்துக்கொள்வார். வலைக்கடை நோட்டில் இருக்கிற கடன் இன்ன ஆளுக்குத்தான் மீனைப் போட வேண்டும் என்று கட்டிப்போடுவதில்லை. என்னிடம் 2 லட்சம் பாக்கி வைத்திருக்கிறவர், இறாலை அதிக விலை கொடுக்கிறவருக்கு விற்றுவிட்டு எனக்குக் காசு தருவார். ஏஜென்ட்டிடம் 2 லட்சம் பாக்கி வைத்திருக்கிறவருக்கு விலை கேட்கவே வழி இருக்காது. இந்தக் கரையில் ஒரு வலைக்கடை குறைந்தால், முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட படகுகள் சில கூடும். உங்கள் பட்டியல் எதிலும் அது வராது.

உண்மையில் தவிக்கப்போகிறவர்கள் சின்ன ஆட்கள். வத்தை என்கிற சிறு படகில் தனியாகப் போய்த் தூண்டில் போடுகிற பெரியவர் ஒருவர் என் கடைக்கு வருவார். ஒரு டஜன் முள், ஒரு சுருள் நைலான், கால் கிலோ ஈயம் கேட்பார். ஈயத்தைத் தராசில் போட்டபிறகு ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, கனம் சரியாக இருந்தால்தான் வைத்துக்கொள்வார். நூறு ரூபாய்க்கும் குறைவான வியாபாரத்துக்கு அரை மணி நேரம். கம்பெனி ஏஜென்ட் இவருக்குக் கால் கிலோ ஈயம் நிறுத்துக் கொடுக்கப்போவதில்லை. ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கினால் முள்ளைவிடப் பஸ்ஸுக்குத்தான் அதிகம் ஆகும். பொட்டலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக் கொடுக்கிற பெண்களும் நூல்கண்டுக்கு என்னிடம்தான் வருவார்கள், கூலி வந்ததும் காசு தருவார்கள்.

கடையில் அப்பா காலத்திலிருந்து ஓர் அண்ணன் வேலை பார்க்கிறார். எந்தப் படகுக்கு எத்தனை எம்எம் கயிறு என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். புதுப் பாம்பன் பாலம் திறந்து ரயில் ஓட ஆரம்பித்ததால் அந்தப் பக்கம் லாட்ஜுக்கு ஆள் வருகிறது.

திட்டங்கள் இருக்கின்றனவே என்று சொல்வீர்கள். தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி இருக்கிறது, எனக்கு ஷட்டர் இருப்பதால் நான் தெருவோரம் இல்லை. மீனவருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு, நான் மீனவன் இல்லை. முத்ரா வாங்கினேன், அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன். வணிகர் தினம் என்று ஒன்று உண்டு, மே 5. அது தடைக்காலத்துக்கு நடுவில் வருகிறது என்பதால் நாங்கள் அன்று கடையைப் பூட்டிக்கொண்டு மாநாட்டுக்குப் போனதில்லை. அன்றுதான் கூட்டம் அதிகம்.

நான் கேட்பது தள்ளுபடி இல்லை. வட்டியில் ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. மீன்பிடித் துறைமுகங்களையும் இறங்குதளங்களையும் நம்பி நடக்கிற கடைகளுக்கு, வலைக்கடையோ இன்ஜின் ஸ்பேர் கடையோ ஐஸ் கம்பெனியோ, கடன் கொடுக்கிற அன்றே தவணை அட்டவணையைக் கடலின் நாள்காட்டிக்கு ஏற்றாற்போல் போடுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் வட்டி மட்டும் வாங்குங்கள். அசலை ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் கூட்டி வாங்குங்கள். வருடத்துக்கு வர வேண்டிய தொகை வருடத்துக்குள் வந்துவிடும். பாதி வழியில் தவணையை மாற்றினால் அது மறுசீரமைப்பு என்று ஆகி, அதற்கும் கணக்கில் ஒரு கறை விழும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்கும்போதே என்று அழுத்திச் சொல்கிறேன். வருமானம் வருகிற காலத்தைப் பார்த்துத் தவணை போட உங்களுக்குத் தடை ஏதும் இல்லை. கொரோனா வருடத்தில் 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாதம் நாடு முழுவதும் தவணையை ஒத்திவைத்தீர்கள். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையிலேயே முடிந்த காரியம் அது.

சிசி கடனிலும் அப்படியே. பருவத் தொழில்களுக்குச் சீசன் வரம்பு, சீசன் இல்லாத வரம்பு என்று இரண்டு வரம்பு வைக்கிற வழக்கம் வங்கிகளில் ஏற்கெனவே உண்டு. வலைக்கடைக்கு மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கூடுதல் வரம்பு, மற்ற மாதம் சாதாரண வரம்பு. கணக்கு நடத்தையைப் பார்க்கும்போது மூன்று மாதத்தை அல்ல, ஒரு முழு வருடத்தைப் பாருங்கள். மே மாத ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விற்பனை நடந்ததா இல்லையா என்று அதுவே சொல்லும். நோட்டை நம்பாவிட்டாலும் அரசாங்கத்துக்குக் கட்டிய வரியை நம்பலாம் அல்லவா?

கடைசியாக ஒன்று. உங்கள் கூட்டத்துக்கு அரசுத் துறை அதிகாரிகளும் வந்து போகிறார்கள். கரையோரக் கடைக்காரர் ஒருவரையும் கூப்பிடுங்கள். நானாக இருக்க வேண்டியதில்லை, திறந்திருக்கிற கடைக்காரராக இருக்கட்டும். என் நோட்டுகள் அப்படியே இருக்கின்றன. தடைக்காலத்தில் எவ்வளவு சரக்கு கடனாகப் போனது, எந்த மாதம் எவ்வளவு திரும்பி வந்தது என்று படகுப் பெயர்களை மறைத்து மாதவாரியாக எடுத்துத் தர என் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள், பி.காம். முடித்தவள். முன்னோடி வங்கி அலுவலகத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

மாவட்டத்தின் புதிய ஆண்டுக் கடன் திட்டம் ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. தடை தொடங்க அதற்கப்புறம் இரண்டு வாரம் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு கடைக்குக் கடன் கையெழுத்தானால், முதல் தவணைத் தேதியைக் குறிப்பதற்கு முன் மேலாளர் தடைக்காலத் தேதிகளையும் ஒருமுறை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பாம்பன் வலைக்கடைக்காரர் ஒருவர்